காற்று திரும்பும் வழி

நவம்பர் 29, புதன்

சின்னவளை இன்று வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ஐந்து கிழமை, ஒரு மாதத்துக்கும் மேல், முந்திப் பிறந்தவள். பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். இப்போது இரண்டு கிலோவும் கொஞ்சமும். அனுப்பும்போது நர்ஸ் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: அறை இருபத்திரண்டு டிகிரிக்குக் குறையக் கூடாது. உடம்பில் கொழுப்பில்லாத பிள்ளை. குளிர்ந்தால் குடிக்கிற பாலெல்லாம் உடம்பைச் சூடாக்கவே செலவாகிவிடும், வளர்வதற்கு மிஞ்சாது.

வரும் வழியில் என் கணவன் நிமலன் ஒரு தெர்மோமீட்டர் வாங்கினான். நாங்கள் வாடகைக்கு இருக்கும் பேஸ்மென்டில் வைத்துப் பார்த்தோம். பதினெட்டு.

"புதுசுதானே, பிழையாக் காட்டுதோ தெரியாது" என்றான். அவனுக்கு முதலில் சந்தேகம் வருவது தன் சாமான் மேல்தான். எனக்கு மற்றவர்கள் மேல்.

நவம்பர் 30, வியாழன்

காலையில் பதினேழு.

வீடு முழுவதையும் சூடாக்கும் ஃபர்னஸ் இருப்பது பேஸ்மென்டில், நாங்கள் சமைக்கும் குசினிக்குப் பக்கத்து அறையில். அதைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட் இருப்பது மேலே, வீட்டுக்காரரின் வரவேற்பறையில், பூட்டிய பிளாஸ்டிக் பெட்டிக்குள். எரிவது எங்களிடம், எரிக்கும் அதிகாரம் அவர்களிடம். ஸ்காபரோவுக்குப் புலம்பெயர்ந்த தமிழ்ச் சனத்தில் பாதி இப்படித்தான் கீழே இருக்கிறது. மற்றப் பாதி மேலே இருக்கிறது.

வீட்டுக்காரர் விக்கினராசா அங்கிளுக்கு, குளிர்கிறது என்று மெசேஜ் போட்டேன். "மேலயும் குளிர்தான் பிள்ளை. இந்த வருசம் வின்ரர் கடுமை" என்று பதில் வந்தது. நம்பவில்லை. சொந்த வீட்டில் யாராவது குளிரில் இருப்பார்களா? பிள்ளைப்பேற்றுக்கு முன்பு இப்படிக் குளிர்ந்ததாக நினைவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் வீட்டில் நின்றதும் குறைவு.

மாநகரசபைக்குத் தொலைபேசி எடுத்தால் வருவார்கள். வந்தால் முதலில் பார்ப்பது இந்த பேஸ்மென்டில் ஆட்களைக் குடியிருத்த அனுமதி இருக்கிறதா என்று. அனுமதி இல்லை. குளிரும் போய்விடும், வீடும் போய்விடும்.

டிசம்பர் 1

பதினேழு. சின்னவளுக்கு இரண்டு தொப்பி.

டிசம்பர் 2, சனி

அங்கிள் ஃபர்னஸ் பார்க்க வந்தார். வீட்டுக்குள்ளேயே தடித்த ஜாக்கெட் போட்டிருந்தார். நடிப்பு என்று நினைத்தேன்.

"பிள்ளை, இதில ஏதும் கை வைச்சனீங்களோ?"

"இல்லை அங்கிள். நீங்கள் மேல குறைச்சு வைச்சிருக்கிறியளோ?"

"இருபத்து மூண்டில கிடக்கு. அம்மாவாணை."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் கள்ளர் என்று சொல்லாமல் சொல்லிக்கொண்டோம். பிறகு அவர் காற்றை வடிக்கும் ஃபில்டரை மாற்றினார். பழையது கறுத்துப்போய் இருந்தது. "இதுதான் வியாதி" என்றார். அந்த நேரம் சின்னவள் அழுதாள். எங்கள் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. அவர் எட்டிப் பார்க்கவில்லை.

"அன்ரிக்கு விரதம். பிள்ளையார் விரதம், இருபத்தொரு நாள். அதாலதான்…" என்றார். எதால் என்று முடிக்கவில்லை.

அவர் மேலே போன கையோடு என் தலைக்கு மேல் குழாயில் தண்ணீர் ஓடியது. குளிக்கிறார். ஃபில்டர் மாற்றியதற்குப் பட்டப்பகலில் ஒரு குளிப்பு.

"ஃபில்டர் ஊத்தையாத்தானே இருந்தது" என்றான் நிமலன்.

இவனுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு விளக்கம் இருக்கும். ஜூலையில் நாங்கள் குடிவந்தபோது அங்கிளின் மனைவி ரதிதேவி அன்ரி, ஊரில் எந்தப் பக்கம், கோயிலுக்குக் கிழக்கோ மேற்கோ என்று கேட்டார். நிமலன் சொன்னான். அதுவரை எவர்சில்வர் தட்டில் வந்த வடை அதற்குப் பிறகு காகிதத் தட்டில் வந்தது. கழுவத் தேவையில்லை, வசதிதானே என்று அதற்கும் சொன்னான்.

டிசம்பர் 4, திங்கள்

நேற்று முழுக்க உடுப்புத் துவைத்தேன். காயவில்லை. புது ஃபில்டர் போட்டும் பதினேழுதான்.

வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் பியூலா இன்று வந்தார். ஜமெய்க்காக்காரி. எடை ஏறியிருக்கிறது, ஏற வேண்டிய அளவில் பாதி. பால் போதுமா என்று கேட்டார். போதும். குடித்ததைச் சத்தி எடுக்கிறாளா? இல்லை. பிறகு சுவரில் கையை வைத்துப் பார்த்தார். "இந்தப் பிள்ளை ஒரு வீட்டைச் சூடாக்க வேலை செய்துகொண்டிருக்கிறாள்" என்றார்.

டிசம்பர் 5, செவ்வாய்

அங்கிள் ஃபர்னஸ் திருத்துகிற ஆளை அனுப்பினார். ஜனா என்று ஒரு தமிழ்ப் பெடியன்.

"அக்கா, இதுக்கு என்ர வயசு. என்னை மாதிரி இதுவும் நேரத்துக்கு எழும்பாது. புதுசு ஒண்டு போடச் சொல்லுங்கோ, நல்ல விலைக்கு எடுத்துத் தாறன்."

"முதல்ல என்ன பிழை எண்டு சொல்லும்."

"கேஸ் வருது. நெருப்பு எரியுது. விசிறி சுத்துது. எல்லாம் வேலை செய்யுது."

"அப்ப ஏன் குளிருது?"

"அதுதானே அக்கா கேள்வி."

மேலே பார்த்தாயா என்று கேட்டேன். மேலே பூசையாம். சப்பாத்தோடு வர வேண்டாம் என்றார்களாம். கழற்றிவிட்டு வருகிறேன் என்றானாம். கீழே பேஸ்மென்டுக்குப் போய்வந்த ஆள், அப்படியும் வேண்டாம் என்றார்களாம். சிரித்துக்கொண்டே சொன்னான். புது ஃபர்னஸின் படம் போட்ட காகிதத்தை என்னிடம் தந்துவிட்டுப் போனான், ஏதோ நான் வாங்கப்போவதுபோல.

டிசம்பர் 7, வியாழன்

நிமலன் பாண் சுடும் பேக்டரியில் இரவு வேலை முடித்துவந்து தூங்கினான். நான் சின்னவளை ஸ்வெட்டருக்குள் கட்டிக்கொண்டு, ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு ஃபர்னஸுக்கு முன்னால் உட்கார்ந்தேன். வேறு யாரும் பார்க்கமாட்டார்கள் என்றால் நானே பார்ப்பது.

நெருப்புப் பிடிக்கிறது. விசிறி சுற்றத் தொடங்குகிறது. கொஞ்ச நேரம் சூடான காற்று வருகிறது. வீடு சூடாகுமுன்பே நெருப்பு அணைந்துவிடுகிறது. விசிறி மட்டும் சுற்றுகிறது, குளிர்காற்று வருகிறது. ஆறியதும் மறுபடி நெருப்பு. மறுபடி அணைவு. கீழ் மூடியில் ஒரு சின்னக் கண்ணாடித் துளை இருக்கிறது. அதற்குள் ஒரு சிவப்பு விளக்கு நாலுதரம் மினுங்கி நிற்கிறது. திரும்ப நாலுதரம்.

மூடியைக் கழற்றினேன். உட்பக்கத்தில் ஒட்டியிருந்த காகிதத்தில் விளக்கு மினுங்குவதற்கு அர்த்தம் போட்டிருக்கிறது. நாலு என்றால் அளவுக்கு மீறிச் சூடேறியதால் பாதுகாப்பு சுவிட்ச் நெருப்பை அணைத்துவிட்டது. காரணம்: போதிய காற்று இல்லை.

நாங்கள் குளிரில் விறைக்கிறோம். ஃபர்னஸ் சூடு தாங்காமல் நிற்கிறது.

டிசம்பர் 8, வெள்ளி

சின்ன மின்சார ஹீற்றர் ஒன்று வாங்கி அறையில் போட்டோம். ஒரு மணித்தியாலம்தான். ஃபியூஸ் போய் வீடு முழுக்க இருட்டு. மேலே பூசை நேரம். மாடிப்படிக்கு மேலிருந்து அன்ரியின் குரல் மட்டும் இறங்கி வந்தது: "சாமிக்கு முன்னாலயும் இருட்டாக்கிப் போட்டினம்."

நிமலன் கீழிருந்தே மன்னிப்புக் கேட்டான். நான் கேட்கவில்லை.

டிசம்பர் 10, ஞாயிறு

ஃபில்டரைப் பாதி வெளியே இழுத்துப் பார்த்தேன். அந்த இடைவெளியால் காற்று பாய்ந்த வேகத்தில் என் சட்டை நுனி உள்ளே போனது. பெரிய தகரக் குழாயின் பக்கங்கள், உள்வாங்கியிருந்தவை, டொம் என்று நிமிர்ந்தன. இவ்வளவு நாளும் ஃபர்னஸ் மூச்சு எடுக்க வழியில்லாமல் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

அப்படியே விட்டேன். நெருப்பு அணையவில்லை. ஒரு மணித்தியாலத்தில் இருபத்தொன்று. சின்னவள் பொத்தி வைத்திருந்த கையை விரித்தாள்.

பெருமையாக ஜனாவுக்கு போன் எடுத்துச் சொன்னேன்.

"அக்கா, உடன மூடுங்கோ. விளையாட்டில்ல. அந்த அறைக் காத்தை இழுத்தா, பக்கத்தில நிக்கிற சுடுதண்ணி டாங்கின்ர புகையையும் சேத்து இழுக்கும். மணமும் இராது, சத்தமும் இராது. நித்திரையிலயே போயிடுவியள்."

மூடினேன். ஜன்னலைத் திறந்து புகையோடு சூட்டையும் வெளியே விட்டேன்.

"மேலதான் எங்கயோ அடைச்சிருக்கு அக்கா" என்றான் ஜனா. "சூடு போற வென்ட், காத்து ஓட்டை, நிலத்தில இருக்கும். ஆறின காத்து திரும்பி வாற வென்ட் சுவரில பெரிசா இருக்கும். அது திரும்பி வந்தாத்தான் இது சூடாக்கி அனுப்பும். சோபாவைத் தள்ளி வைச்சிருப்பினம். அலுமாரி வைச்சிருப்பினம். போய்ப் பாருங்கோ."

போய்ப் பார்ப்பதாம். ஆறு மாதத்தில் நான் அந்தப் படியில் ஏறியதே இல்லை.

டிசம்பர் 11, திங்கள்

அங்கிள் வாசலில் சவளால் பனி அள்ளிக்கொண்டிருந்தார். போய் முன்னால் நின்றேன்.

"அங்கிள், மேல சுவரில பெரிய வென்ட் இருக்கெல்லே. அதுக்கு முன்னால ஏதும் வைச்சிருக்கிறியளோ?"

சவளைப் பனியில் குத்தினார். "வைக்கேல்ல."

"அப்ப?"

"ஒட்டியிருக்கு."

பிறகு மெல்லமெல்லச் சொன்னார். பிள்ளை வருகிற அன்று காலையில் அன்ரி சுவரில் இருக்கும் மூன்று வென்டையும் அலுமினியப் பேப்பர் வைத்து டேப்பால் ஒட்டிவிட்டார். பெரியது சாமி அறையில். கும்பம் வைத்துத் தினமும் பிள்ளையார் கதை படிக்கிற இடம். கீழே பிள்ளைப்பேற்றுத் துடக்கு, தீட்டு. துடக்கு வீட்டுக் காற்று வென்ட் வழியாகச் சாமி அறைக்குள் வரும். முப்பத்தொரு நாள் கழிந்ததும் எடுத்துவிடலாம்.

"அது காத்து வாற வழி இல்லை அங்கிள். போற வழி."

"எனக்கு இப்ப விளங்குது. அவவுக்கு விளங்கப்படுத்தேலாது." கையுறையைக் கழற்றி மூக்கைத் துடைத்தார். "நாங்களும் குளிரிலதான் கிடக்கிறம். கேட்டா, விரதமெண்டா கஷ்டம் இருக்கத்தான் வேணுமாம். மொன்றியலில இருக்கிற மகளுக்குக் கலியாணம் முடிஞ்சு ஆறு வருசம். ரெண்டு தரம் வயித்தில தங்கேல்ல. அதுக்குத்தான் விரதம் பிடிக்கிறா. ஒரு கிழமைதானே பிள்ளை. பொறுங்கோ."

ஒரு கிழமை. சின்னவள் இதுவரை வாழ்ந்ததில் கால்வாசி.

நிமலனை எழுப்பிச் சொன்னேன்.

"துடக்கு இரத்த உறவுக்குத்தானே? அவைக்கும் எங்களுக்கும் என்ன உறவு?"

"வாடகை உறவு" என்றான், கண்ணைத் திறக்காமல்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. எங்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்க ஆகாது. பெண் எடுக்க, கொடுக்க ஆகாது. துடக்குக்கு மட்டும் நாங்கள் சொந்தக்காரர்.

டிசம்பர் 12, செவ்வாய்

பியூலா வந்தார். எடை குறைந்திருக்கிறது. தராசைத் தட்டிவிட்டு மறுபடி நிறுத்தார். குறைந்துதான் இருக்கிறது. நாளை மறுநாள் வருவதாகவும், அப்போதும் ஏறாவிட்டால் திரும்ப ஆஸ்பத்திரிக்கு எழுதுவதாகவும் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அவர் போனதும் சின்னவளை நெஞ்சில் கட்டினேன். நிமலன் தூங்கிக்கொண்டிருந்தான், எழுப்பவில்லை. எழுப்பினால் பொறு என்பான். உள்படியால் ஏறினேன். கதவு பூட்டியிருக்கவில்லை. இவ்வளவு நாளும் பூட்டத் தேவை இருக்கவில்லை.

மேலே எங்களைவிடக் குளிர். தெர்மோஸ்டாட்டைப் போகும் வழியில் பார்த்தேன். கேட்டது இருபத்து மூன்று. இருந்தது பதினைந்து.

சாமி அறைக் கதவு திறந்திருந்தது. அன்ரி கும்பத்துக்கு முன்னால் பலகையில் இருந்து கதை படித்துக்கொண்டிருந்தார். ஈரத் தலை. சேலைக்கு மேல் மகளுடையதாக இருக்கும், ஊதா நிற வின்ரர் ஜாக்கெட். இடது மணிக்கட்டில் விரத நூல். உதடு நீலம். நான் நினைத்து வைத்திருந்த ஆள் இவரில்லை. ஆனாலும் நான் போனேன்.

"ஆரது? உள்ள வரக் கூடாது பிள்ளை."

"தெரியும் அன்ரி. நீங்க படியுங்கோ."

"அங்கயே நில்லும். இஞ்சாருங்கோ, இஞ்ச வாங்கோ ஒருக்கா."

அங்கிள் குளியலறையில். நான் வாசலைத் தாண்டினேன். அன்ரி எழும்பி இரண்டு கையையும் விரித்து மறித்தார். என்னைவிடப் பெரிய உடம்பு. ஒரு தள்ளுத் தள்ளியிருந்தால் நான் பிள்ளையோடு திரும்பியிருப்பேன். தள்ளுவதென்றால் தொட வேண்டும்.

நான் ஒரு அடி வைத்தேன். அவர் ஒரு அடி பின்னால் போனார். கையை நீட்டினார், மடக்கினார், திரும்ப நீட்டினார். விரல் என் தோளுக்குக் கிட்ட வந்து நின்றது. இன்னும் ஒரு அடி வைத்தேன். அவர் பக்கத்துக்கு விலகிச் சுவரோடு ஒட்டி நின்றார். அதற்கு மேல் என்னை மறிக்க அந்த வீட்டில் ஒன்றும் இல்லை.

அலுமினியப் பேப்பர் வென்டின் கம்பிகளோடு உறிஞ்சப்பட்டு, கம்பியின் அச்சு அதில் விழுந்திருந்தது. டேப்பை நகத்தால் கிளப்பி இழுத்தேன். பெரிய சத்தத்தோடு வந்தது. உடனே குத்துவிளக்கின் சுடர் வென்டின் பக்கம் சாய்ந்தது.

"பாருங்கோ அன்ரி. விளக்கு எந்தப் பக்கம் சாயுது எண்டு பாருங்கோ. எங்கட காத்து இஞ்ச வரேல்ல. உங்கட காத்துத்தான் எங்களிட்ட வருது."

பாதிப் பொய். மேலிருந்து போகிற காற்றும், எங்கள் பக்கத்துச் சின்ன வென்டால் போகிற காற்றும் ஃபர்னஸில் ஒன்றாகிச் சூடாகி, நில வென்ட் வழியாக மேலேயும்தான் வரும். நாங்கள் குடிவந்த நாளிலிருந்து இந்த வீட்டில் எல்லாரும் ஒரே காற்றைத்தான் மாறிமாறி எடுத்துவிடுகிறோம். அதை நான் சொல்லவில்லை.

அன்ரி சுடரைப் பார்த்தார். பிறகு என் நெஞ்சில் கட்டியிருந்த துணிக்குள் பார்த்தார். முதல் தடவையாகப் பார்க்கிறார்.

"இவ்வளவு சின்னனோ" என்றார். என்னிடம் கேட்டதுபோல் இல்லை.

ஹோலில் இருந்த மற்ற இரண்டையும் கிழித்தேன். பேப்பரைச் சுருட்டிக் கையோடு கொண்டுவந்தேன். படியிறங்கும்போது பின்னால் அழுகைச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

டிசம்பர் 13

இருபத்திரண்டு.

டிசம்பர் 14, வியாழன்

பியூலா வந்து நிறுத்தார். ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. "நின்றுவிட்டது, அதுவே நல்லது" என்றார். ஆஸ்பத்திரிக்கு எழுதவில்லை. செவ்வாய்க்கிழமை திரும்ப வருவார்.

டிசம்பர் 15, வெள்ளி

அங்கிள் வந்தார். ஜாக்கெட் இல்லாமல், அரைக்கைச் சட்டையோடு. ஃபர்னஸைப் பார்ப்பதுபோல் நின்றார். அது சீராக ஓடிக்கொண்டிருந்தது.

"ஜனவரி முடிய வேற இடம் பாருங்கோ பிள்ளை."

"சரி அங்கிள்."

"நான் சொல்லேல்ல. அவ சொல்லுறா. விரதம் முறிஞ்சு போச்செண்டு ரெண்டு நாளாச் சாப்பிடேல்ல. அண்டைக்கு மூண்டு தரம் பச்சைத் தண்ணியில தலை முழுகினவ."

"வென்டைத் திரும்ப ஒட்டினவவோ?"

"இல்லை." யோசித்தார். "ஏனெண்டு தெரியேல்ல. நான் கேக்கவும் இல்லை."

போகாமல் நின்றார். சின்னவள் விழித்திருந்தாள். வாசலில் நின்றே இரண்டு கையையும் நீட்டினார். "ஒருக்காத் தாங்கோவன், தூக்கிப் பாப்பம்."

"துடக்கு இன்னும் மூண்டு நாள் கிடக்கு அங்கிள்" என்றேன்.

நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டு, "ஓம், அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டுப் படியேறினார்.

கொடுத்திருக்கலாம் என்கிறான் நிமலன். அந்த மனிசன் பாவமாம். ஜனவரிக் குளிரில் வீடு தேடி அலையப்போவது யார் என்று கேட்டேன்.

டிசம்பர் 17, ஞாயிறு

இரண்டு பேஸ்மென்ட் பார்த்தோம். ஒன்றில் குழந்தைப் பிள்ளை கூடாதாம். மற்றதில் ஜன்னல் இல்லை, ஆனால் கதகதப்பு. தெர்மோஸ்டாட் எங்கள் பக்கச் சுவரில். நிமலன் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். எடுத்துக்கொண்டோம்.

டிசம்பர் 19, செவ்வாய்

மேலே விரதம் முடிந்திருக்கும். ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் வரவில்லை.

பியூலா வந்தார். சின்னவளை முழுக்க உடுப்புக் கழற்றித் தராசில் கிடத்தினார். இத்தனை நாளும் தகரம் பட்டதும் சுருண்டு கத்துகிறவள். இன்று கத்தவில்லை. இரண்டு காலையும் நீட்டி, கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். முள் போன முறை நின்ற இடத்தைத் தாண்டி ஏறியது. பியூலா எழுதுவதற்குக் குனிந்த நேரம் பார்த்துத் தராசு நிறைய மூத்திரம் பெய்தாள்.

"திரும்ப நிறுக்க வேண்டும்" என்றார் பியூலா. துடைத்துவிட்டு அவசரப்படாமல் திரும்ப நிறுத்தோம்.